டிரெய்லர் ஜாக்கிக்கும் ஓர் அமாவாசை!

பௌர்ணமி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அண்ணாமலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடை, நிலா வெளிச்சம், வழியெல்லாம் லிங்க தரிசனம். கிரிவலப் பாதையிலேயே வீடு வைத்திருக்கும் அடி அண்ணாமலைக்காரர்களுக்கு அது ஒரு கெடு. கேஸ் சிலிண்டர் எடுப்பது, ஆஸ்பத்திரிக்குப் போவது, மாட்டுக்குத் தவிடு வாங்குவது என்று எதுவானாலும் கூட்டம் சேருவதற்கு முன் முடித்தாக வேண்டும். பாதையில் வண்டிகளை நிறுத்திவிட்டால் அப்புறம் நடைதான். சாமி கும்பிட வருகிற லட்சக்கணக்கான ஜனங்கள் மேல் எங்களுக்கு வருத்தமில்லை. காலண்டரைப் பார்த்துப் பார்த்தே வாழப் பழகிவிட்டோம்.

இந்தத் தை மாதம் அந்தக் கெடு ஒரு ஜாக்கியில் வந்து மாட்டிக்கொண்டது.

எங்கள் வீட்டில் ஒரு டிராக்டரும் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றும் உண்டு. டிராக்டர் என் மாமனார் கடன் போட்டு வாங்கியது. டிரெய்லர் செகண்ட் ஹேண்ட். வீட்டுக்காரர் பெங்களூரில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ரெண்டு முறை வருவார். ஆகவே நிலம், மாடு, வண்டி எல்லாம் 71 வயது மாமாவும் நானும்தான். நடுவில் நான் தையலும் தைக்கிறேன். பையன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் இரண்டாம் வருடம்.

இரண்டு சக்கர டிரெய்லரை டிராக்டரிலிருந்து கழற்றினால் மூக்கு தரையில் குத்திவிடும். அதைத் தாங்கத்தான் முன்னால் ஏர்க்கால் போல நீண்டிருக்கும் இரும்பில் ஒரு ஜாக்கி இருக்கும். மேலே கைப்பிடி, கீழே தட்டு. சுற்றினால் கால் இறங்கும், மறுபக்கம் சுற்றினால் ஏறும். வண்டியிலேயே யாரும் திரும்பிப் பார்க்காத உறுப்பு அதுதான். டயருக்குக் காற்று பார்ப்போம், இன்ஜினுக்கு ஆயில் மாற்றுவோம். ஜாக்கிக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அன்று காலை காலி டிரெய்லரைக் களத்து ஓரம் கழற்றி விட்டுவிட்டு, டிராக்டர் சொந்தக்காரர் நிலத்துக்கு உழவுக்குப் போயிற்று. பகல் முழுக்க ஆட்கள் நெல் மூட்டைகளை ஏற்றினார்கள். 75 கிலோ மூட்டை, நாற்பது. மொத்தம் மூன்று டன். மறுநாள் காலையில் டவுனில் விற்பனைக் கூடத்துக்குப் போய்விட வேண்டும், ஏனென்றால் மறுநாள் சாயங்காலம் பௌர்ணமி ஆரம்பம். அதைவிட முக்கியம், என் அஞ்சு பவுன் செயின் அடகில் இருந்தது. வட்டி கட்டித் திருப்பி வைக்கக் கடைசித் தேதி அந்த வாரம்தான். நெல் போய்ப் பணம் வந்தால்தான் அந்த வேலை நடக்கும்.

இருட்டுகிற நேரத்தில் டிராக்டர் திரும்பி வந்தது. பின்னால் எடுத்து வந்து மாட்டப் பார்த்தால் துளை துளையோடு சேரவில்லை. பாரம் ஏற ஏற ஜாக்கியின் கால் ஈர மண்ணில் நாலு விரக்கடை இறங்கியிருந்தது. அந்த நாலு விரக்கடையை ஜாக்கியைச் சுற்றி ஏற்றினால் போதும். மாமா கைப்பிடியைப் பிடித்தார். அசையவில்லை. டிரைவர் பையன் பிடித்தான். அசையவில்லை. இரண்டு பேர் சேர்ந்து தொங்கினார்கள். “கிர்ர்” என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

“நீட்டு பைப்பு ஒண்ணு எடுத்தா. கைப்பிடியில சொருவி வலிச்சா வராம எங்க போவும்?” என்றார் மாமா.

எனக்கு வயிறு கலங்கியது. எங்கள் தெருவிலேயே ஒருவர் இருக்கிறார். சில வருடங்களுக்கு முன் பாரத்தோடு நின்ற டிரெய்லரை இப்படித்தான் நெம்பினார்கள். தாங்கல் சரிந்து மூக்கு அவர் கால் மேல் விழுந்தது. வலது காலில் இரண்டு விரல் போயிற்று. இன்றைக்கும் அவர் நடப்பதை வைத்தே தூரத்திலிருந்து அடையாளம் சொல்லலாம். நம் ஆட்கள் களத்தில் செருப்புகூடப் போட மாட்டார்கள்.

“மாமா, இருங்க. லேத்து பட்டறை அண்ணனைக் கூப்பிடலாம். ஒரு மணி நேரத்துல ஒண்ணும் ஆயிடாது” என்றேன். அவர் முணுமுணுத்தார், ஆனால் பைப்பைக் கீழே வைத்துவிட்டார்.

பட்டறைக்காரர் டார்ச் லைட்டோடு வந்தார். ஜாக்கியைத் தொடவே இல்லை. முதலில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். “பின்பாரம் இருக்கா?” என்று கேட்டு மூட்டை அடுக்கியிருந்த விதத்தைப் பார்த்தார். பின்னால் பாரம் கூடுதலாக இருந்தால் மூக்கைத் தூக்கும்போது வண்டி மல்லாந்துவிடும் என்றார். மாட்டு வண்டி ஓட்டிய மாமாவுக்கு அது ஒரு சொல்லில் புரிந்தது. அப்புறம் இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வைக்கச் சொன்னார்.

“செங்கல் வெக்கட்டுமா?” என்றான் டிரைவர்.

“செங்கல்லு நொறுங்கும்டா. மரக்கட்டை எடுத்தா.”

எங்கள் ஊரில் இதற்குப் பெரிய உதாரணமே இருக்கிறது. கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பெரிய தேர் ஓடும்போது எல்லார் கண்ணும் வடத்தின் மேலும் சாமியின் மேலும் இருக்கும். சக்கரத்தோரம் முட்டுக்கட்டையோடு ஓடுகிறவர்களை யாரும் கவனிப்பதில்லை. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்த பிறகும் முட்டுக்கட்டை இல்லாமல் அந்தத் தேர் நகர்வதில்லை. பேச்சில்தான் முட்டுக்கட்டை கெட்ட வார்த்தை. பாரத்தோடு நிற்கிற வண்டிக்குக் கீழே அதுதான் உயிர்.

கட்டை வைத்தபின் பட்டறைக்காரர் தன் பாட்டில் ஜாக்கியை எடுத்தார். லாரிக்காரர்கள் வைத்திருப்பார்களே, எண்ணெய் அழுத்தத்தில் தூக்குகிற குட்டி ஜாக்கி, அதுதான். மண்ணில் ஒரு பலகை போட்டு, அதன் மேல் ஜாக்கியை நிறுத்தி, ஏர்க்கால் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார். பக்கத்திலேயே மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக்கொண்டே வந்தார். மாட்டிக்கொண்ட ஜாக்கியின் கால் மண்ணை விட்டு எழும்பியதும், பாரத்தைக் கட்டை அடுக்கின் மேல் இறக்கிவிட்டுப் பாட்டில் ஜாக்கியைத் தளர்த்தினார்.

“எண்ணெய் ஜாக்கி தூக்கறதுக்குத்தான் தங்கச்சி, தாங்கறதுக்கு இல்ல. உள்ள ஒரு வாஷர் போச்சுன்னா உட்கார்ந்துடும். தாங்கறது எப்பவும் கட்டைதான்.”

இனி டிராக்டரை மாட்டிவிடலாமே என்று நினைத்தோம். மாட்டலாம்தான், ஓட்ட முடியாது. நீட்டிய கால் மடங்காமல் தரைக்கு மிக அருகில் தொங்கிக்கொண்டிருந்தது. முதல் மேடு வந்ததும் இடித்து முறியும். “கேஸ் வெச்சு அறுத்துட்டா?” என்றார் மாமா. பட்டறைக்காரர் தலையை ஆட்டினார். பக்கத்தில் வைக்கோல் போர், மேலே மூன்று டன் நெல், குழாய்க்குள் பழைய கிரீஸ். நெருப்பைக் காட்டினால் என்னவெல்லாம் ஆகும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மாமாவே “வேணாம்ப்பா” என்றுவிட்டார்.

பாரம் இறங்கியதும் ஜாக்கியைப் பார்க்க எனக்கும் தைரியம் வந்தது. பெயின்ட் மேல் பெயின்ட்டாக, பழைய சொந்தக்காரர் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அடித்த சிவப்பு. மேல் பக்கத்தில் ஒரு குமிழ் போல ஏதோ புடைத்திருந்தது. தையல் மிஷினில் எண்ணெய் விடும் துளைகளைத் தேடித் தேடிப் பழகிய கண். “அண்ணே, இந்தக் குமிழ் எதுக்கு?” என்றேன்.

அவர் கத்தி முனையால் சுரண்டினார். உள்ளே பித்தளை நிறத்தில் கிரீஸ் நிப்பிள்! ஜாக்கி செய்த கம்பெனி, கிரீஸ் அடிக்க வாய் வைத்தே அனுப்பியிருக்கிறது. அடுக்கடுக்கான பெயின்ட் அந்த வாயை அடைத்துவிட்டது. இத்தனை வருடமாக அதற்குள் ஒரு சொட்டுப் புது கிரீஸ் போயிருக்காது.

பையன் தன் பங்குக்கு மஞ்சளும் நீலமுமாக ஒரு ஸ்பிரே டப்பாவைக் கொண்டுவந்தான். டபிள்யூ.டி. 40. 1953-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ராக்கெட் பாகங்கள் துருப்பிடிக்காமல் இருக்க உருவாக்கியதாம். தண்ணீரை விலக்கும் கலவைக்கான 40-வது முயற்சியில் வெற்றி கிடைத்ததால் அந்தப் பெயர். பட்டறைக்காரர் கைப்பிடியின் கழுத்திலும், இரண்டு குழாய்களும் சேரும் இடுக்கிலும் அதை அடித்தார். கூடவே டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து மேலிருந்து ஊற்றினார். குழாயின் மேல் ஒரு மரத்துண்டை வைத்துச் சுத்தியலால் சுற்றிலும் மெதுவாகத் தட்டினார்.

“இப்ப யாரும் தொடாதீங்க. ராத்திரி பூரா ஊறட்டும். இரும்பு விட்டாலும் துரு சீக்கிரத்துல விடாது.”

துரு என்பது இரும்பின் மேல் படியும் அழுக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பையன் விளக்கினான். இரும்பு துருவாக மாறும்போது உப்பிவிடும், முன்பு பிடித்த இடத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு இடம் பிடிக்கும். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் நகரும் ஜாக்கியில் நடுவில் இருப்பதோ நூல் இடைவெளி. அது துருவால் நிரம்பினால் ஆப்பு அடித்த மாதிரிதான்.

ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து அவனே இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டினான். கைப்பிடி 20 சென்டிமீட்டர் நீளம் என்றால் ஒரு சுற்றுக்கு நம் கை ஏறக்குறைய 125 சென்டிமீட்டர் பயணம் செய்கிறது. அதற்குள் மறை ஏறுவது அரை சென்டிமீட்டர். ஆக, நம் பலம் 250 மடங்காகிறது. 500 கிலோ பாரத்தை இரண்டு கிலோ பலத்தில் தூக்கிவிடலாம். இது காகிதக் கணக்கு. நிஜத்தில் பெரும்பகுதியை உராய்வு தின்றுவிடும், ஏழெட்டு கிலோ பலம் தேவைப்படும்.

“அப்ப உராய்வே இல்லாத மாதிரி செஞ்சா?” என்றேன்.

“கையை எடுத்ததும் ஜாக்கி தானா சுத்தி வண்டி கீழ இறங்கிடும்மா. அந்த உராய்வுதான் பாரத்தைப் பிடிச்சு நிறுத்துது. அளவா இருக்கணும். கிரீஸ் காஞ்சா அளவு தப்பிடும்.”

மாமா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். “நாளைக்கு பைப்பு போட்டு வலிச்சிருந்தா?” என்று பேரனிடம் கேட்டார். “மேல இருக்கற பின் உடைஞ்சிருக்கும், இல்ல மறைத்தண்டு வளைஞ்சிருக்கும் தாத்தா. கட்டை இல்லாம செஞ்சிருந்தா...” அவன் முடிக்கவில்லை. மாமா எழுந்து போய், கட்டைகள் சரியாக இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தார்.

விடியற்காலை பட்டறைக்காரர் வந்தார். கைப்பிடியை ஒரேயடியாகத் திருகவில்லை. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். நடுவில் எண்ணெய். மறுபடி கொஞ்சம். பூட்டில் துருப்பிடித்த சாவியை ஆட்டுவோமே, அப்படி. கால் மணி நேரம் கழித்து “டக்” என்று ஒரு சத்தம். கைப்பிடி கால் சுற்று நகர்ந்தது. அப்புறம் அரைச் சுற்று. செம்மண் குழம்பு போலத் துரு வழிந்தது. கால் முழுதாக மேலேறியபோது கிழக்கு வெளுத்திருந்தது. பாட்டில் ஜாக்கியால் மூக்கை உயரத்துக்குக் கொண்டுவந்து டிராக்டரை மாட்டி, பின் போட்டு, கட்டைகளை எடுத்தோம். கிரிவலப் பாதையில் அன்னதானப் பந்தல்களுக்குக் கழி நட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவே எங்கள் நெல் வண்டி டவுனுக்குப் போயிற்று. மறுநாள் இல்லை, அதற்கு அடுத்த நாள் கூட்டம் கலைந்ததும் நான் போய்ச் செயினுக்கு வட்டி கட்டினேன்.

உள்ளே என்ன இருந்தது?

அடுத்த வாரம் ஜாக்கியைக் கழற்றிப் பட்டறையில் பிரித்தார்கள். பக்கத்தில் நின்று பார்த்தேன். அவ்வளவு பெரிய வேலை செய்கிற சாமானுக்குள் இருப்பது கொஞ்சம்தான். நடுவில் மறைத்தண்டு. அது ஏறி இறங்க உள்குழாயில் பொருத்திய நட். கைப்பிடிக்குக் கீழே பாரத்தைத் தாங்கும் ஒரு பேரிங். கைப்பிடியைத் தண்டோடு பிணைக்கும் சின்ன பின். பழைய கிரீஸ் காய்ந்து, மண்ணோடு சேர்ந்து, புளி உருண்டை மாதிரி ஆகியிருந்தது. டீசலில் ஊறவைத்துக் கம்பி பிரஷால் தேய்த்ததும் மறை பளிச்சென்று வந்தது. பேரிங் குண்டுகள் மட்டும் துரு தின்று சொரசொரப்பாக இருந்ததால் மாற்றினோம். புது ஜாக்கி வாங்கும் செலவில் சிறு பங்குதான் ஆயிற்று.

“ஸ்பிரே அடிச்சமே, அது போதாதாண்ணே?” என்றேன். “அது உள்ள போறதுக்கு. உள்ள இருக்கறதுக்கு கிரீஸுதான்” என்றார். ஸ்பிரே மெல்லிய திரவம், இடுக்கில் புகுந்து துருவைத் தளர்த்தும், சீக்கிரம் போய்விடும். கிரீஸ் என்பது எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் ஒருவகை சோப்பு. பஞ்சு தண்ணீரை வைத்திருப்பதுபோல வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் ஏ.பி. 3 கிரீஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

கைப்பிடி சொல்லும் சேதி

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை, டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

• கைப்பிடி அசையவே இல்லை என்றால் துரு, காய்ந்த கிரீஸ், அல்லது பேரிங். பாரத்தை இறக்கி, எண்ணெயில் ஊறவைத்து, பொறுமையாக ஆட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

• கைப்பிடி சும்மா சுற்றுகிறது, கால் நகரவில்லை என்றால் பின் உடைந்திருக்கும் அல்லது நட்டின் மறை தேய்ந்திருக்கும். அந்த ஜாக்கியை நம்பி ஒரு மூட்டைகூட ஏற்றக் கூடாது.

• ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் இறுகுகிறது என்றால் குழாயோ தண்டோ வளைந்திருக்கும். கால் மடக்காமல் வரப்பில் ஏற்றிய வண்டிகளில் இது சகஜம். இதற்கு எண்ணெய் மருந்தில்லை, பட்டறைதான்.

• சேற்றில் போய் வந்தால் காலைக் கழுவித் துடைத்து, ஒரு முறை முழுக்க இறக்கி ஏற்ற வேண்டும். சர்வீஸில் அழுத்தமாகத் தண்ணீர் அடிக்கும்போது ஜாக்கியின் கழுத்துப் பக்கம் அடிக்க விடாதீர்கள். தண்ணீர் உள்ளே போய்த் தங்கிவிடும்.

• பெயின்ட் அடிக்கும் முன் கிரீஸ் நிப்பிளின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள்.

• காலுக்குக் கீழே கட்டாயம் ஒரு பலகை. பாரத்தோடு ராத்தங்கினால் ஜாக்கியோடு சேர்த்துக் கட்டை அடுக்கும் வேண்டும். மூக்குக்குக் கீழே காலோ கையோ எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது.

படிக்கும்போது எல்லாம் சுலபம். தொடர்ந்து செய்வதுதான் கஷ்டம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று எழுதி ஒட்டினால் எங்கள் வீட்டில் நடக்காது. அதற்கு மாமாவே வழி கண்டுபிடித்தார். அமாவாசைக்கு அமாவாசை டிராக்டரைக் கழுவி, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பது அவர் தவறவிடாத வழக்கம். இப்போது அந்தத் தட்டில் கிரீஸ் கன்னும் சேர்ந்துவிட்டது. நிப்பிளில் இரண்டு மூன்று அடி, காலை முழுக்க இறக்கி ஒரு முறை, ஏற்றி ஒரு முறை, பிதுங்கிய கிரீஸைத் துணியால் துடைப்பது, அப்புறம் கற்பூரம். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம்.

“மாசா மாசம் அவ்வளவு தேவையில்ல பெரியவரே” என்று பட்டறைக்காரர் சொல்லிப் பார்த்தார். “சாமிக்கு மட்டும் மாசா மாசம் தேவையா? செய்யறோம் இல்ல” என்றார் மாமா. கிரீஸ் கன்னை வாங்கிப் போக எங்கள் தெருவில் இப்போது இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் வருகிறார்கள். அதில் ஒருவர், கால் விரல் இழந்தவரின் மகன்.

உங்கள் வீட்டில் டிரெய்லர் இல்லாமல் இருக்கலாம். கார் இருந்தால் டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், ஒரு ஜாக்கி படுத்திருக்கும். வாங்கிய நாளிலிருந்து அதை வெளியே எடுத்திருக்க மாட்டீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்து, வாசலில் வைத்து, ஒரு முறை சுற்றிப் பாருங்கள். சுற்றினால் மறையில் கொஞ்சம் கிரீஸ் தடவி வையுங்கள். சுற்றாவிட்டால், நடுராத்திரி நெடுஞ்சாலையில் தெரிய வேண்டிய விஷயம் வீட்டு வாசலிலேயே தெரிந்துவிட்டது என்று சந்தோஷப்படுங்கள்.